பன்னிரண்டு வருஷ கேரண்டி

ஃப்ரிட்ஜ் மேல் கிடந்த தாளில் ‘ஃபேஸ் லிஃப்ட்’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. லிஃப்ட் மெக்கானிக்குக் கை பரபரத்தது. முப்பது வருஷத் தொழிலில் இப்படியொரு கம்பெனியை அவர் கேள்விப்பட்டதேயில்லை.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். மனைவியின் கையெழுத்து.

‘நூல் போட்டு இழுப்பது: ஒரு வருஷம், மிஞ்சினால் இரண்டு. காதோரம் சின்னதாக வெட்டித் தைப்பது: ஐந்து வருஷம். ஆழமாகப் போய்த் தசையோடு தூக்குவது: பத்து, பன்னிரண்டு வருஷம். ரத்தம் கட்டலாம். நரம்பில் பட்டால் வாய் கோணலாம். செவ்வாய், பதினோரு மணி.’

அடக் கடவுளே, முகத்தையா தூக்கப்போகிறாள்!

போன வாரம் பாஸ்போர்ட்டுக்காக இருவரும் படம் எடுத்திருந்தார்கள். படங்களை வாங்கப் போனவளிடம் ஸ்டூடியோக்காரன் ஏதோ சொன்னானாம். என்ன என்று கேட்டால் பேச்சை மாற்றினாள். பாவம், மனசு ஒடிந்து போயிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மீசைக்கு மை பூசும் தன் பக்கத்தில் நிற்க அவளுக்கும் கஷ்டமாகத்தானே இருக்கும்?

ஆறுதல் சொல்லப் போனார்.

“உனக்கு அப்படியொண்ணும் வயசு தெரியலையே!”

மனைவி துணி மடிப்பதை நிறுத்தினாள். “அப்படியொண்ணும்னா?”

“இல்ல... வயசுக்கேத்த மாதிரிதான் இருக்கேன்னு சொல்ல வந்தேன்.”

“ஓஹோ.”

சும்மா கிடந்த வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டோம் என்று புரிந்தது. தொழில் அறிவு காப்பாற்றும் என்று நம்பினார்.

“அந்தத் தாளைப் பார்த்தேன். நூல் சமாச்சாரம் மட்டும் வேணாம். நான் இரும்புக் கயித்தையே நம்ப மாட்டேன்! ஆழமானது பன்னிரண்டு வருஷம் தாங்கும், வாஸ்தவம். நரம்பு போச்சுன்னா? ரெண்டு மாடிக்கு நடுவுல மாட்டின லிஃப்ட் மாதிரி வாய் ஒரு பக்கம் அப்படியே நின்னுடும்!”

“சரி, அப்ப எது பண்ணலாம்? நீங்களே சொல்லுங்க” என்றாள் அவள், ஆர்வமாக.

தீர்மானமே பண்ணிவிட்டாளா! பதற்றத்தில் வாய் முந்திக்கொண்டது.

“மூஞ்சியைத் தூக்கி வச்சுக்க உனக்கு டாக்டர் எதுக்கு? இருபத்தாறு வருஷமா ஓசியிலதானே தூக்கி வச்சுக்கிட்டிருக்கே!”

அதோடு சரி. மூன்று நாள் மேஜையில் சாப்பாடு இருந்தது, பேச்சு இல்லை. செவ்வாய்க்கிழமை காலையில் ஒரே ஒரு வார்த்தை வந்தது.

“கிளம்புங்க.”

துணைக்குக் கூப்பிடுகிறாள் என்று வழியெல்லாம் உருகிக்கொண்டே போனார். கிளினிக் வாசலில் அவள் குடையை மடக்குவதற்குள் வரவேற்பு மேஜைக்கு ஓடினார். அங்கே ஓர் இளம்பெண் உட்கார்ந்திருந்தாள்.

“அம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், இதை கேன்சல் பண்ணிடுங்க. பின்னால வர்றா பாருங்க, அவ சிரிச்சா இடது கன்னத்துல குழி விழும். இத்தனை வருஷமா அதைப் பார்த்துத்தான் நான் உசுரோட இருக்கேன். நரம்புல பட்டு அது போயிடுச்சுன்னா...”

பின்னால் வந்து நின்ற மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். மூன்று நாளுக்குப் பிறகு முதல் முறையாகச் சிரித்தாள். குழி விழுந்தது.

வரவேற்புப் பெண் அவளைப் பார்த்தாள், இவரைப் பார்த்தாள், நோட்டைப் புரட்டினாள்.

“பயப்படாதீங்க பெரியவரே, இதோ நிக்கிற உங்க பொண்ணு போன்ல புக் பண்ணினது உங்களுக்குத்தான்!”