சாணித் தண்ணீர் சோளமான விவரம்

அன்புள்ள தம்பிக்கு,

உன் அக்கா எழுதுவது. இங்கு நானும் உன் அத்தானும் நாற்பது மாடுகளும் சுகம். அங்கே நீயும் உன் மனைவியும் சுகமாக இருக்க வேண்டும். அதிலும் நீ ஒரு பங்கு கூடுதலாகவே சுகமாக இருக்க வேண்டும். காரணத்தைச் சொல்கிறேன்.

நீ தொட்டிகளைக் கட்டிக் கொடுத்துவிட்டுப் போன மறுவாரமே சுகாதார அதிகாரி பூட்டும் சீலுமாக வந்து இறங்கினார். நம் தொழுவத்துக் கழிவு தன் தோட்டத்தில் வந்து தேங்குகிறது என்று பின்வீட்டுத் தையல்காரர் கொடுத்த மூன்றாவது புகாராம். பண்ணையை மூடிவிட்டால் எங்கே போவோம் என்று எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உன் அத்தானோ, "ஒரு நிமிஷம் சார், எங்க மச்சான் கட்டின தொட்டியப் பாத்துட்டு அப்புறம் பூட்டுங்க" என்று அவரைக் கையைப் பிடிக்காத குறையாக இழுத்துப் போய், முதல் தொட்டியில் கசடு தங்குவதையும் இரண்டாவதில் காற்றடித்துப் புரட்டுவதையும் மூன்றாவதில் தண்ணீர் தெளிவதையும் தானே கண்டுபிடித்தவர் போல விளக்கி, தெளிந்த தண்ணீர் தீவனச் சோளத்துக்குப் பாயும் அழகைக் காட்டுகிறேன் என்று வால்வைத் திருப்பினார். திருப்பியது முதல் தொட்டியின் வால்வு. குழாய் கழன்று, அதிகாரியை நெற்றியிலிருந்து செருப்பு வரை ஒரே வீச்சில் நனைத்துவிட்டது.

நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். அவர் கண்ணை மட்டும் துடைத்துக்கொண்டு, "குளிக்க எடம் இருக்கா?" என்றார். மூன்று முறை சோப்புப் போட்டுக் குளித்து, உன் அத்தானின் சட்டை முழங்கால் வரை தொங்க வெளியே வந்தவர், நேரே சோளத்துக்குள் இறங்கினார். மண்ணை மோந்து பார்த்தார். மூன்றாம் தொட்டித் தண்ணீரைப் புட்டியில் பிடித்துக்கொண்டார். "தொட்டியக் காட்டுனவங்க நெறைய பேரு. உள்ள இருக்கறத இப்படிக் காட்டுனது நீங்கதாம்மா" என்று சொல்லிப் போனார். பத்தாம் நாள், தண்ணீர் தீவனப் பயிருக்கு ஏற்றது என்று தாள் வந்தது. அதை வைத்துக்கொண்டு அழுதேன் தம்பி.

இப்போது சோளம் ஆள் உயரம் தாண்டிவிட்டது. சினை மாடு ஒன்றைக் காணோம் என்று நாங்கள் தெருத்தெருவாக அலைய, அது சோளத்துக்குள்ளேயே கன்று போட்டுவிட்டுச் சாவகாசமாக மென்றுகொண்டு நின்றது. கண்டுபிடித்துச் சொன்னவர் தையல்காரர்தான். "உங்க மாட்டுக்கு வந்த வாழ்வப் பாருங்கக்கா" என்று சிரித்தார். ஒரு வருடமாக முகம் கொடுத்துப் பேசாத மனிதர், காய்ந்த கசடு இரண்டு கூடை எருவுக்குக் கேட்டு வாங்கிப் போனார்.

லீவு முழுவதையும் எங்கள் சாணியில் இறங்கியே கழித்தாய். உன் மனைவியும் ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. இருவரும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இருங்கள். இனி உனக்கு எங்களால் எந்தத் தொந்தரவும் வராது. விருந்தாளியாக மட்டும் வா.

என்றும் நன்றியுடன்,
அக்கா

பின்குறிப்பு: இதைத் தபாலில் சேர்க்க நாலு நாள் தாமதமாகிவிட்டது. அதற்குள் உன் அத்தான், "தீவனந்தான் மலையா கெடக்கே" என்று இன்னும் இருபது மாடுகளை லாரியில் கொண்டுவந்து இறக்கிவிட்டார். முதல் தொட்டி பொங்கி வழிகிறது. தையல்காரர் வேலியோரம் நிற்கிறார், சிரிப்பைக் காணோம். பழைய உடுப்பாக எடுத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் புறப்படு.