லிஃப்ட் மெக்கானிக் பிடித்த முதலிடம்

"மாமா, நாப்பதாவது இடம்! பாட்டு ஆப்ல போடுற பட்டியல்ல உங்க பாட்டு வந்திருச்சு!"

மச்சான் அனுப்பிய படத்தைப் பார்த்ததும் லிஃப்ட் மெக்கானிக் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அவருடைய பாட்டின் பெயர் மட்டும் தெரியும்படி வெட்டி, சுற்றிலும் சிவப்பு வட்டம் வேறு போட்டிருந்தான் அந்தப் பாசக்காரன்.

வேறு யாராக இருந்தாலும் துள்ளிக் குதித்திருப்பார்கள். ஆனால் நம் மெக்கானிக் சேர்ந்திருந்த சங்கம் அப்படிப்பட்டதல்ல. மொத்தம் பதினோரு பேர். கார் நிறுத்தும் அடித்தளத்தில் கூடி, கம்ப்யூட்டரில் அவரவர் செய்த இசையைக் கண்மூடிக் கேட்பார்கள். சங்கத்துக்கு ஒரே விதிதான்: ஜனங்களுக்குப் பிடித்துப்போனால் ஆளை வெளியே அனுப்பிவிடுவார்கள். நாலு வருடம் காத்திருந்து, வரும் ஞாயிறு மதியம்தான் அவருக்கு முதன்முதலாக வாசிக்கும் முறை கிடைத்திருந்தது. அது கைநழுவினால் மனுஷன் உடைந்தே போவார்.

யாருக்கும் பிடிக்கக் கூடாதென்று, லிஃப்ட் மோட்டார் சத்தத்துக்கு நடுவே டிரில் மெஷினை ஓடவிட்டுப் பாட்டை மாற்றி ஆப்பில் ஏற்றினார்.

"பன்னிரண்டு! பின்றீங்க மாமா!"

கதவு மூடும் 'தடக்' சத்தத்தை மட்டும் ஒன்பது நிமிடம் இழுத்தார். கேட்டபோது அவருக்கே பல் கூசியது. இதை எவன் கேட்பான் என்று நிம்மதியாக நிமிர்ந்தார்.

மூன்றாம் இடம்.

இதற்குள் மனைவி வேறு பெருமையோடு வந்து நின்றாள்.

"என்னங்க, ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். அங்கயே போட்டுப் பாத்தாங்க."

"ஐயோ! என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. டக்குனு எழுந்து அவங்கவங்க வேலையைப் பாக்கப் போயிட்டாங்க. அவ்வளவு சுறுசுறுப்பு!"

ஞாயிறு காலை மச்சானின் குரல் தெருவுக்கே கேட்டது. "மாமா, முதலிடம்!"

உண்மையைச் சொன்னால், உள்ளுக்குள் கொஞ்சம் இனிக்கவும் செய்தது. அதற்காகவே தன்னைத்தானே திட்டிக்கொண்டு அடித்தளத்துக்கு இறங்கினார். இனி மறைத்துப் பயனில்லை.

"தலைவரே, மன்னிக்கணும். ஆப் பட்டியல்ல என் பாட்டு முதலிடத்துக்கு வந்திருச்சு."

பத்துப் பேரும் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். சங்கத் தலைவர் யாருக்கும் கைதட்டியே அறியாதவர். தன் போனிலேயே பட்டியலைத் தேடி எடுத்தார். படிக்கப் படிக்க அவர் கண் கலங்கியது. போன் கைமாறிக் கைமாறி, வாசலில் நின்ற காவலாளி வரை போனது.

அவ்வளவுதான். 'ஓ'வென்று கத்திக்கொண்டு எல்லாரும் மெக்கானிக்கைத் தோளில் தூக்கிவிட்டார்கள். தலைவர் உள்ளங்கை சிவக்கச் சிவக்கத் தட்டினார்.

"எத்தனை வருஷமா நாங்க எல்லாரும் பாடுபடுறோம்! நீ சாதிச்சுட்டியே!"

"இறக்குங்க தலைவரே! விதி என்ன ஆச்சு? ஜனங்களுக்குப் பிடிச்சுப்போச்சே!"

காவலாளி போனை அவர் முகத்துக்கு நேராக உயர்த்தினார்.

"மேல தலைப்பைப் படிக்கலையா சார்? இது ஜனங்க அரை நிமிஷம்கூடத் தாங்க முடியாம நிறுத்தின பாட்டுங்களோட பட்டியல்!"