செங்கமலம் சொன்ன குறைகள்

வேலை போய்விட்டால், டவுன்ஷிப்பில் கம்பெனி கொடுத்த குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். வேலையில் சேர்ந்த நாளிலிருந்தே கருணாகரனுக்கு இந்தப் பயம். அவன் குடும்பத்தில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் அவன்தான். அந்தச் சம்பளம் நிஜம்தான் என்று இன்னும் அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. அதனால் பக்கத்துக் கிராமமான வடக்குத்தில் ஒரு பழைய மண்வீட்டை வாங்கிப் புதுப்பித்து, எப்படியாவது மனைவியோடு அங்கே குடியேறிவிடுவது என்று முடிவெடுத்தான்.

செங்கமலம் வந்து பார்த்தாள். இரண்டடி கனத்தில் மண்சுவர், பனஞ்சட்டம், நாட்டு ஓடு.

“சில்லுனு இருக்கு பாத்தியா? ஃபேனே வேணாம்.”

“அப்ப டவுன்ஷிப்ல ஃபேன் போட்டுக்கினு படுத்திருக்கறவங்கல்லாம் பைத்தியமா?”

ஃபேன் வந்தது.

மறுவாரம், “வாசல் நிலை தலையில இடிக்குதுங்க” என்றாள்.

“உன் உசரத்துக்கு எங்க இடிக்குது?”

“பாக்கறப்பவே இடிக்குது.”

நிலையை உயர்த்தப் போய் ஒரு பக்கச் சுவர் சரிந்தது. கூடவே அவன் நெஞ்சும். மண் குழைத்துச் சுவரைத் திரும்ப எழுப்பினான். அப்புறம் வாசற்படி செங்குத்தாக இருக்கிறது என்றாள், தாழ்த்தினான். கிணற்றடிக்கு நடக்க முடியாது என்றாள். குழாய் உள்ளே வந்தது. கடைசியாக, நாற்காலி மாதிரி உட்காருகிற கக்கூஸ் கேட்டாள்.

“அதெல்லாம் பெரிய ஆபீசருங்க பங்களாவுலதான் இருக்கும், செங்கமலம்.”

“அப்ப நான் குவார்ட்டர்ஸ்லயே இருந்துக்கறேன்.”

கடலூரில் வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தான். தெரிந்தவர்கள் பார்த்துவிடக் கூடாதே என்று துண்டால் மூடினான். மூடிய பிறகுதான் எல்லோரும் பார்த்தார்கள்.

பால் காய்ச்சும் நாளில் செங்கமலம் ஒரு குறையும் சொல்லவில்லை. கருணாகரன் தானே வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்து குறை தேடினான்.

பால் பொங்கும் நேரத்தில் வாசலில் ஒரு கரும்பு லாரி வந்து நின்றது. நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையில் ரிட்டயரான மாமனார் சிங்காரவேலு, ஆறடி உயரமும் முட்டிவலியுமாக இறங்கினார். பின்னாலேயே மாமியார், கட்டில், பீரோ. மாமனார் தாழ்ந்த படியை ஒரே எட்டில் ஏறி, குனியாமல் உள்ளே நுழைந்தார்.

“வூடு அம்சமா இருக்குதுங்க மாப்ள. எனக்குன்னே கட்டினாப்ல.”

கருணாகரன் மனைவியைச் சமையலறை ஓரமாக இழுத்தான்.

“அப்ப நாம?”

“நமக்கென்னங்க, குவார்ட்டர்ஸ் இருக்கு.”

“வேலை போயிட்டா?”

“அன்னைக்கே இங்க வந்துடலாம். மொதல்ல போவட்டும்.”

வேலை போய்விடுமோ என்று அதுவரை பயந்துகொண்டிருந்தவனுக்கு அன்றிலிருந்து புதுப் பயம்: போகாமலே இருந்துவிட்டால்?