ஞாயிற்றுக்கிழமைக்கு ஏழு சீட்டு

"ஓடும்போது அடியில ஒரு சத்தம் வருமுங்க சார். எங்கேருந்து வருதுன்னு எனக்கே இன்னும் புடிபடல" என்றார் அடைக்கலம்.

விற்கிறவர் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்தால் வாங்க வந்தவனுக்கு வயிற்றில் புளியைக் கரைக்க வேண்டும். சந்தனராஜுக்குப் பால் வார்த்தது போல இருந்தது. ஆனாலும் முப்பது வருஷமாகக் கணக்கு வாத்தியாராக இருந்த முகம் அல்லவா, சிரிப்பை உள்ளேயே அடக்கிக்கொண்டு "அப்படியா" என்று கவலையோடு இழுத்தது.

கந்தர்வக்கோட்டைக்கு வெளியே, முந்திரித் தோப்பை ஒட்டிய வீடு அடைக்கலத்தினுடையது. வாசலில் வேப்பமரத்தடியில் நின்றது வண்டி. வெள்ளை நிறம், ஏழு சீட்டு, டீசல். ஏறுவதற்கே ஒரு படி வைத்திருந்தார்கள்.

"பிள்ளைக எல்லாம் சென்னையில செட்டிலாயிட்டாங்க. வண்டி சும்மா நிக்குது, வித்துப்புடுங்கன்னு வீட்டுல ஒரே நச்சரிப்பு" என்று அடைக்கலம் பானெட்டைத் துண்டால் துடைத்தார். "பின்சீட்டுக்கு ஏசி வராது சார். அதையும் சொல்லிர்றேன்."

"எவ்வளவு நேர்மையான மனுசன் பாத்தீங்களா" என்று சந்தனராஜின் காதைக் கடித்தாள் அமலராணி. "புதுக்கோட்டையில அந்தப் புரோக்கர் என்ன சொன்னான்? டாக்டர் ஓட்டின வண்டி, ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் மட்டும்தான் போச்சுன்னான். உள்ள பாத்தா வைக்கோலு."

சந்தனராஜின் மனைவி ஒன்றை நேர்மை என்று முடிவுகட்டிவிட்டால் அப்புறம் அதை அசைக்க ஆளில்லை. அவருக்கு முதல் உதறல் எடுத்தது அப்போதுதான்.

சங்கதி இதுதான். மகன் ஜெரால்டு சிங்கப்பூரில் இருக்கிறான். "அம்மா இன்னும் எத்தன நாளக்கிப்பா வெயில்ல ஒங்க பின்னாடி ஒக்காந்து வருவாங்க? பழசா இருந்தாலும் பெரிய வண்டியா பாருங்க, பணம் நான் அனுப்புறேன்" என்று போனில் சொல்லிவிட்டான். பணம் இல்லை என்று தப்பிக்கிற வழியையும் பெற்ற பிள்ளையே அடைத்துவிட்டான்.

சந்தனராஜுக்கு வண்டி மேல் ஒரு பகையும் இல்லை. பகையெல்லாம் அந்த ஏழு சீட்டின் மேல்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் பூசை, மதியம் ஆட்டுக்கறி, அதற்குப் பிறகு தூண்டிலோடு கண்மாய்க்கரை. இதுதான் அவர் வாழ்க்கையில் அவருக்கென்று இருந்த சொத்து. மீன் கிடைக்குமா என்றால் கிடைக்காது. அங்கே யாரும் அவரை ஒன்றும் கேட்பதில்லை, அதற்காகத்தான் போனார்.

வீட்டில் லைசன்ஸ் வைத்திருப்பது அவர் ஒருவர்தான். அமலராணிக்கு உடன்பிறந்தவர்கள் நாலு பேர், எல்லாரும் பெண்கள், எல்லாருக்கும் வேண்டுதல்கள். டிவிஎஸ் வைத்திருக்கிறவனை எவரும் குடும்பத்தோடு வேளாங்கண்ணிக்குக் கூட்டிப்போகச் சொல்லமாட்டார்கள். ஏழு சீட்டு வந்துவிட்டால் ஒரு வாரம் வேளாங்கண்ணி, ஒரு வாரம் பூண்டி மாதா, ஒரு வாரம் யார் வீட்டுப் பிள்ளைக்காவது புதுநன்மை, ஒரு வாரம் சடங்கு. கண்மாயை அவர் இனிமேல் வண்டிக் கண்ணாடி வழியாகத்தான் பார்க்கவேண்டும்.

வேண்டாம் என்று நேராகச் சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். மீன் பிடிக்க என்று சொல்ல முடியுமா? ஆகவே வண்டி தானாகவே மானம் கெட்டு இந்தப் பேரம் முறியவேண்டும். அதற்காகத்தான் அவர் மதினி ஆரோக்கியம்மாளையும் அழைத்துவந்திருந்தார்.

அமலராணியின் மூத்த அக்கா ஆரோக்கியம்மாள், கறம்பக்குடியில் இருப்பவள். பஸ்ஸில் ஏறினால் மூன்றாவது ஸ்டாப்பில் வாந்தி எடுப்பாள். அன்றைக்கும் மருமகள் ஸ்வீட்டியோடும் பேத்தி ஏஞ்சலோடும் பஸ்ஸில் வந்து இறங்கும்போதே எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டுதான் இறங்கினாள். நடுசீட்டில் அவள் ஒருதடவை கக்கிவிட்டால் போதும், அடைக்கலமே இவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிடுவார் என்பது வாத்தியாரின் கணக்கு.

"மதினி, நீங்க நடுவுல ஒக்காருங்க. நல்லா குலுங்கும்" என்றார் பாசத்தோடு.

வண்டி கிளம்பியது. ஓட்டியது சந்தனராஜ், பக்கத்தில் அடைக்கலம். கார் ஓட்டி வெகுகாலம் ஆகிவிட்டதால் கியர் மாற்றும்போதெல்லாம் கறமுற என்றது.

"நான் சொல்லல? மூணாவது கியரு அப்படித்தான் மல்லுக்கட்டும்" என்றார் அடைக்கலம். "மழைக்கு கூரை ஒழுகும். ஏத்தத்துல சூடாயிரும். டீசல் எம்புட்டு ஊத்தினாலும் குடிச்சிக்கிட்டே இருக்கும்."

சந்தனராஜ் அந்த மனிதரைக் கட்டித் தழுவாத குறை. "கேட்டியா ராணி?" என்று பின்னால் திரும்பினார்.

"கேட்டேங்க. ஒண்ணுவிடாம சொல்றாரு, தங்கமான மனுசன்."

"மாமா, பின்னாடி ஏசியக் கொஞ்சம் கொறைங்க. ஏஞ்சலுக்குக் குளிருதாம்" என்றாள் ஸ்வீட்டி.

அடைக்கலம் சட்டென்று திரும்பினார். "அது இப்ப வரும்மா. கொஞ்ச நேரத்துல நின்னுரும்."

நிற்கவில்லை. அடியில் வரவேண்டிய சத்தமும் வரவில்லை. அடைக்கலம் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சந்தனராஜும் அதே மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"இன்னிக்கி என்னமோ சத்தத்தக் காணோமுங்க" என்றார் அடைக்கலம்.

"நல்லவங்க ஏறினா வராதோ என்னமோ" என்றாள் ஆரோக்கியம்மாள். அவள் எலுமிச்சம்பழத்தைப் பைக்குள் போட்டுவிட்டு முறுக்கு தின்றுகொண்டிருந்தாள். ஏசிக் காற்று நேராக முகத்தில் அடித்ததாம், பிறந்ததிலிருந்து இப்படி ஒரு பயணம் வந்ததில்லையாம். முறுக்கு முடிந்ததும் வாயைத் திறந்துகொண்டு தூங்கியும் போனாள்.

"பாத்தீங்களா, அத்தை வாந்தியே எடுக்கல. இதுக்கு மேல என்ன டெஸ்ட் வேணும் மாமா?" என்றாள் ஸ்வீட்டி.

சந்தனராஜ் பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த அஸ்திரத்தை எடுத்தார். "வண்டி நல்லாத்தான் இருக்கு. நம்ம தெருவுல நொழையணுமே. எதுக்கும் ஒரு நட வீடு வரைக்கும் போய்ப் பாத்துருவோம்."

அவருடைய தெரு எப்பேர்ப்பட்ட தெரு என்றால், போன கோடையில் தண்ணி லாரி ஒன்று உள்ளே நுழைந்து, டிரைவர் கதவைத் திறக்க முடியாமல் ஜன்னல் வழியாகக் குதித்து இறங்கினார். இந்த வண்டி மாட்டிக்கொள்ளாமல் போனால் தெருவுக்கே அவமானம்.

"குறுகலான தெருவா சார்?" அடைக்கலத்தின் முகத்தில் அன்றைக்கு முதல்தடவையாக வெளிச்சம் வந்தது. "அப்ப கண்டிப்பா பாத்துரணும். பெரிய வண்டி, ஒடிக்க எடம் பத்தாது. போங்க, போங்க."

மாட்டிக்கொண்டது. தங்கமுத்து வீட்டு மூங்கில் படலுக்கும் எதிர்ச்சுவருக்கும் நடுவில் வண்டி நின்றுவிட்டது. சந்தனராஜ் ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி மாதாவுக்கு மனசுக்குள் நன்றி சொன்னார்.

"அய்யய்ய, போகாது போலருக்கே" என்றார் அடைக்கலம் ஆனந்தமாக.

அதற்குள் தெரு கூடிவிட்டது. "வாத்தியார் வண்டி வாங்கிட்டாரு" என்ற செய்தி அந்தக் கடைசிவரைக்கும் ஓடியது. "வாங்கல, சும்மா பாக்குறோம்" என்று சந்தனராஜ் சொன்னது ஹாரன் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. ஏஞ்சல் முன்னால் தாவி வந்து ஹாரனை விடாமல் அமுக்கிக்கொண்டிருந்தாள்.

பக்கத்து வீட்டுத் தங்கமுத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். இருபது வருஷமாக வேலிக்காக இவரோடு முறைத்துக்கொண்டிருந்தவர். வண்டியைப் பார்த்தார், படலைப் பார்த்தார், அப்படியே படலைப் பிடுங்கி உள்ளே எறிந்தார்.

"ஏன் தங்கமுத்து, எதுக்கு இதெல்லாம்?" சந்தனராஜ் பதறிப்போனார்.

"இருக்கட்டும் சார். நாள் கெழமையில எங்களையும் ரெண்டு எடத்துக்குக் கூட்டிட்டுப் போகமாட்டீங்களா? எம்மகளுக்குப் பொன்னமராவதியில பையன் பாத்திருக்கு. ஞாயித்துக்கெழமதான் போகணும்."

வண்டி வழுக்கிக்கொண்டு போய் வீட்டு வாசலில் நின்றது. பழைய பகை ஒன்று தீர்ந்தது, ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. சந்தனராஜுக்கு அழுகை வந்தது.

தெருவை விட்டுத் தப்பித்தால் போதும் என்று மறுமுனை வழியாக வண்டியை விட்டார். மறுமுனையில் கோயில். கோயிலில் அப்போதுதான் ஒரு ஞானஸ்நானம் முடிந்து, ஃபாதர் அங்கி போட்டபடி, கையில் தீர்த்தத்தோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். இதைவிட ஒரு மனிதனுக்கு நேரம் கெட்டுப்போக முடியாது.

"வாங்க வாத்தியாரே, சொல்லவே இல்லையே" என்று ஃபாதர் கையைக் காட்டி நிறுத்தினார். "எறங்குங்க, மந்திரிச்சிருவோம்."

"இன்னும் வாங்கல ஃபாதர். பாத்துக்கிட்டுத்தான் இருக்கோம்."

"அதுக்கென்ன, ஆசீர்வாதம் முந்திக்கிட்டா நல்லதுதான."

அமலராணி அதற்குள் முக்காடு போட்டுவிட்டாள். எதிர்பாராத இடத்திலிருந்து உதவி வந்தது. அடைக்கலம் கதவைத் திறந்து குதித்து, வண்டிக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார்.

"சாமி, மன்னிக்கணும். இது எங்க அய்யனாருக்கு நேந்துவிட்ட வண்டி. தீர்த்தம் படக்கூடாது."

"அப்படியா? ரொம்ப நல்லதாப்போச்சு. அவரு முன்பக்கம் பாத்துக்கிடட்டும், நாம பின்பக்கம் பாத்துக்கிடுவோம்" என்று சொல்லி ஃபாதர் நாலு டயருக்கும் தெளித்தார். மிச்சத்தை அடைக்கலத்தின் தலையில் தெளித்தார். ஞானஸ்நான வீட்டுக்காரர்கள் கைதட்டினார்கள். அவர்களே ஒரு மாலையையும் எடுத்து முன்னால் கட்டிவிட்டார்கள்.

"அப்பறம் வாத்தியாரே" என்று ஃபாதர் குனிந்து ரகசியமாகச் சொன்னார், "வர்ற ஞாயிறு கிளைக்கோயில்ல பூசை. என் பைக்கு மக்கர் பண்ணுது. நீங்க வந்து கூட்டிட்டுப் போயிருங்க."

வண்டி அடைக்கலம் வீட்டுக்குத் திரும்பியது. "தீர்த்தம் பட்ட வண்டிய வேணாம்னு சொன்னா நல்லாவா இருக்கும்?" என்று அமலராணி ஒரே ஒருதடவை கேட்டாள். சந்தனராஜ் மூணாவது கியரைக் கறமுற என்று போட்டார்.

முந்திரித் தோப்புக்குள் வண்டி நுழையும்போதுதான் சந்தனராஜின் மூளையில் அந்த யோசனை உதித்தது. மூணாவது கியர் மல்லுக்கட்டும். கூரை ஒழுகும். ஏற்றத்தில் சூடாகும். அடியில் இனந்தெரியாத சத்தம். இந்த வண்டி வாரத்தில் பாதி நாள் பட்டறையில்தானே கிடக்கும்? சனிக்கிழமை விட்டால் திங்கட்கிழமைதான் தருவான். நான் என்ன செய்ய முடியும் மதினி, வண்டி பட்டறையில் இருக்கிறதே என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு தூண்டிலை எடுக்கவேண்டியதுதான். வாங்கின நல்ல பெயரும் கிடைக்கும், கண்மாயும் கிடைக்கும். இவ்வளவு நேரம் இது தோன்றாமல் போயிற்றே என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தி இறங்கினார். "அண்ணே, வண்டிய எடுத்துக்கிறேன்."

அடைக்கலத்தின் முகம் செத்துப்போனது. "சார், அவசரப்படாதீங்க. நான் சொன்னதெல்லாம் கேட்டீங்கள்ல? இதக் கட்டி மேய்க்க முடியாது. எந்நேரமும் பட்டறைதான்."

"பரவால்லண்ணே."

"நடுரோட்டுல நிறுத்திப்புடும் சார், பொம்பள பிள்ளையோட."

"நிறுத்தட்டும்ணே. ஒங்க மனசுக்காகவே எடுத்துக்கிறேன்."

அடைக்கலம் அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். உறுத்தல் உள்ள மனிதர், ஓட்டை வண்டியை ஒருத்தன் தலையில் கட்டுகிறோமே என்று கலங்குகிறார் என்று நினைத்து, சந்தனராஜ் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

அடைக்கலத்தின் மனைவி பொன்னுத்தாய் மோர் டம்ளர்களோடு வெளியே வந்தாள். மாலையைப் பார்த்தாள், புருஷன் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்தாள். "முடிஞ்சிருச்சா?" என்று அவள் கேட்டபோது அவள் முகமெல்லாம் பல்.

"முடிஞ்சிருச்சுக்கா" என்றாள் அமலராணி. "ஆனா எந்நேரமும் பட்டறையிலயே கெடக்கும்ங்கிறாரே. ஞாயித்துக்கெழமையானா எங்களுக்கு ஊர்ப்பட்ட வேல இருக்கு, அதான் கவலையா இருக்கு."

பொன்னுத்தாய் சந்தனராஜின் கையில் மோரைக் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: "பட்டறையா? வாங்குன நாள்லேருந்து இது ஒரு நாளும் நின்னதில்ல தம்பி. இந்த மனுசன்தான் விக்க மனசில்லாம, வர்றவங்ககிட்டல்லாம் இல்லாத கொறையாச் சொல்லி வெரட்டிக்கிட்டு இருந்தாரு. நீங்க தைரியமா ஒரு ஞாயித்துக்கெழம விடாம ஓட்டுங்க."