வெப் அபிவிருத்தி உத்தியோகத்தர்

எங்கள் சாய்ந்தமருதில் ஒரு பிள்ளைக்கு வேலை கிடைத்தால், அஸர் தொழுகைக்கு முன் அதை ஊருக்கு அறிவிப்பது தகப்பனின் கடமை. அடுத்த வீட்டு ஷரிபுதீன் காக்கா கடமை தவறாத மனிதர். அவருடைய மகள் முஸ்பிறா கல்லூரியில் கணினி படித்து முடித்த கையோடு ஒரு நாள், "வாப்பா, எனக்கு வெப் டெவலப்மென்ட்ல வேலை கிடைச்சிரிக்கி" என்றாள். டெவலப்மென்ட் என்ற சொல் காதில் விழுந்ததுமே காக்கா சட்டையை மாட்டிக்கொண்டு தேநீர்க்கடைக்குப் புறப்பட்டுவிட்டார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. எங்கள் பக்கத்தில் டெவலப்மென்ட் என்றால் டெவலப்மென்ட் ஒபிசர்தான். தமிழில் அபிவிருத்தி உத்தியோகத்தர். பட்டம் முடித்த பிள்ளைகளை அரசாங்கம் மொத்தமாகக் கூப்பிட்டு, இந்தப் பெயரைக் கொடுத்து, காரியாலயங்களில் உட்கார வைக்கும். கதிரை இருந்தால் உட்காரலாம். எதை அபிவிருத்தி செய்கிறார்கள் என்று கேட்பது மரியாதை இல்லை.

"எந்தப் பிரிவு காக்கா?" என்று கடையில் கேட்டார்கள்.

"வெப்பாம்."

"வேப்பையடியா? பொம்புளப் புள்ளைய அம்புட்டுத் தூரத்துக்கா போட்டாங்க?"

"மொத நியமனம் அப்பிடித்தான் போடுவாங்க. மறுகா மாத்தம் எடுக்கலாம்" என்றார் காக்கா.

உண்மையில் அவள் வேலைக்குப் போனது கல்முனையில் ஒரு புடவைக்கடையின் மேல்மாடிக்கு. பாண்டிருப்பு வினோஜ் என்ற பையன் அங்கே சில கணினிகளையும் ஒரு மின்விசிறியையும் வைத்துக் கடைகளுக்கு வெப்சைட் செய்து கொடுக்கிறான். வெப்சைட் இல்லாத கடையை இப்போது யாரும் கடையென்று மதிப்பதில்லை. மீன் வாடிக்கும் இருக்கிறது, ஓடு விற்கிற கடைக்கும் இருக்கிறது. ஓட்டுக்கடை முதலாளி மட்டும் பொறுப்பாக, "வாசல் எந்தப் பக்கம் வெப்பீங்க?" என்று கேட்டாராம்.

முஸ்பிறாவின் முதல் வேலை, ஒரு பட்டனைப் பக்கத்தின் நடுவில் கொண்டுவந்து வைப்பது. கணினியில் நடுவில் நிற்கும்; முதலாளியின் போனில் பார்த்தால் ஓரத்துக்கு ஓடிவிடும். அவள் சோறு தண்ணீர் மறந்து அதோடு மல்லுக்கட்டி, கடைசியில் ஜெயித்துவிட்டாள். வீட்டுக்கு ஓடிவந்து, "உம்மா, பட்டன் நடுவுக்கு வந்திட்டு!" என்றாள்.

"பட்டன் தைக்கவா இம்புட்டுப் படிச்ச?" என்று உம்மா கவலைப்பட்டார்.

ஆனால் அவள் முகத்தை நான் வேலிக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்தேன். வேலைக்குப் போய்வருகிற ஒருவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை எங்கள் ஊரில் அதற்கு முன் நான் கண்டதில்லை.

மாரி மழை தொடங்கி, என் வீட்டு வாசல் வடிகான் அடைத்துக்கொண்டது. அபிவிருத்தி உத்தியோகத்தர் அடுத்த வீட்டில் இருக்க நான் ஏன் அலைய வேண்டும்? மனுவை எழுதிக்கொண்டு போனேன்.

"மாமா, நான் அந்த டெவலப்மென்ட் இல்ல. எனக்கும் வடிகானுக்கும் சம்பந்தமில்ல" என்றாள் முஸ்பிறா.

"அப்ப ஆருக்கிட்டப் போற?"

"எனக்குத் தெரியா மாமா."

எனக்கிருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் தீர்ந்தது. சம்பந்தமில்லை, யாரிடம் போவதென்றும் தெரியாது. இதை இவ்வளவு சுத்தமாகச் சொல்ல மற்ற உத்தியோகத்தர்களுக்குப் பல வருட சேவை தேவைப்படுகிறது. ஆகவே பொதுநலன் கருதி, "தங்களது வெப் அபிவிருத்தி உத்தியோகத்தர் பொதுமக்களின் குறைகளைச் செவிமடுக்க மறுக்கிறார்" என்று அவள் பெயர், போய்வரும் இடம் எல்லாம் போட்டுப் பிரதேசக் காரியாலயத்துக்கு ஒரு முறைப்பாடு அனுப்பினேன்.

காரியாலயத்தில் முஸ்பிறா பெயரில் கோவை, அதாவது பைல், தேடினார்கள். இல்லை. உங்களையும் என்னையும் போன்ற அவசரக்காரர்கள் என்றால், அப்படியொரு உத்தியோகத்தரே இல்லை என்று முடிவு கட்டியிருப்போம். காரியாலயம் நிதானமானது. கோவை தொலைந்துவிட்டது என்று முடிவு செய்து புதுக்கோவை திறந்தார்கள். திறந்த பிறகு வரவுப் பதிவேட்டைப் பார்த்தால், அம்மணி ஒரு நாள்கூடக் கையொப்பமிடவில்லை.

"கடமைக்குச் சமுகமளிக்கத் தவறியமைக்கு விளக்கம் கோரல்" என்று கடிதம் வந்தது. அரசாங்கப் பதவியில் இருந்துகொண்டு தனியாரிடம் வேலை செய்வது பாரதூரமான குற்றம் என்று வினோஜுக்கும் ஒரு பிரதி போனது. அவன் பயந்துவிட்டான். "தங்கச்சி, இத முடிச்சிட்டு வாங்க. முடியாட்டி நான் வேற ஆளத்தான் எடுக்கணும்" என்றான்.

முஸ்பிறா அழுதேவிட்டாள். எனக்கும் மனசு கேட்கவில்லை. ஷரிபுதீன் காக்கா வயலில் நின்றதால் நானே அவளைக் கூட்டிக்கொண்டு காரியாலயத்துக்குப் போனேன். நிர்வாக உத்தியோகத்தர் மீராசா எங்களை அன்பாக வரவேற்று, வெளியே காத்திருக்கச் சொன்னார். லுஹர் தொழுகைக்குப் பிறகு உள்ளே கூப்பிட்டார்.

"நீங்க ஏன் கடமைக்கு வரல்ல?"

"சேர், நான் இங்க வேலை செய்யிறல்ல."

"இங்க ஆரும் வேலை செய்யிறல்ல. அதெல்லாம் வராததுக்கு ஒரு காரணமா?"

"அப்பிடியில்ல சேர். எனக்கு நியமனமே தரல்ல."

"நியமனம் இல்லாமலா கோவை இரிக்கி?"

"அப்ப கோவைய மூடிருங்க சேர்."

"மூடலாம். மூடணுமெண்டா உங்கள வேலையிலிருந்து நீக்கணும். நீக்கணுமெண்டா நீங்க வேலையில இரிக்கணும். நியமிக்காத ஆள நீக்கிட்டு, நாளைக்குக் கணக்காய்வுக்கு ஆர் பதில் சொல்ற?"

மீராசா நல்ல மனிதர். ஒரு பிளேன்டீ குடித்து முடிப்பதற்குள் வழி கண்டுபிடித்தார். முதலில் நியமிப்பது, பிறகு நீக்குவது. அங்கேயே நியமனக் கடிதம் தயாரானது. நீக்குவதற்குக் கொழும்பிலிருந்து அனுமதி வர வேண்டும் என்பதால், வரும்வரைக்கும் இடைநிறுத்தம். காரியாலயப் பக்கம் தலைகாட்டக்கூடாது.

"அதுவரைக்கும் நான் கல்முனைக்கு வேலைக்குப் போகலாமா சேர்?" என்று முஸ்பிறா கேட்டாள்.

"ஏலாது எண்டு ஒரு சுற்றுநிருபம் இரிக்கி. அத இணையத்துல தேடி எடுக்கணும்."

"ஆர் சேர் தேடுற?"

"வெப் சம்பந்தமான விசயம். வெப் அபிவிருத்தி உத்தியோகத்தர்தான் தேடணும்." கோவையைப் புரட்டினார். "அவ இடைநிறுத்தத்தில இரிக்கிறா. ஆகவே, தேட ஆளில்ல. நீங்க போகலாம்."

முஸ்பிறா அங்கிருந்து நேராகக் கல்முனைக்குப் பஸ் ஏறினாள். ஷரிபுதீன் காக்கா வீடுவீடாக மஸ்கட் இனிப்புக் கொடுத்தார். "இடைநிறுத்தமெண்டாலும் அரசாங்க இடைநிறுத்தம்" என்று கண் கலங்கினார்.

ஊர் மஸ்கட்டைத் தின்றுகொண்டே யோசித்தது. மற்றப் பிள்ளைகள் நியமனம் கேட்டு ஊர்வலம் போய் வெயிலில் கறுத்துப்போனார்கள். இவள் வேலைக்கு வராமல் இருந்தாள், ஏன் வரவில்லை என்று விளக்கம் சொன்னாள், நியமனம் கிடைத்தது. மறுநாள் காலை காரியாலய வாசலில் வரிசை. சாய்ந்தமருதில் தொடங்கி அட்டாளைச்சேனை, பாலமுனை வரைக்கும் இருக்கிற பட்டதாரிகள் எல்லாம், தாங்கள் கடமைக்குச் சமுகமளிக்கத் தவறியமைக்கு விளக்கம் கொண்டு வந்திருந்தார்கள். சிலர் பல வருடங்களாக வராதவர்கள். அவர்களுக்கு முன்னுரிமை கேட்டார்கள்.

கூட்டம் தாங்காமல் காரியாலயம் இதற்கென்றே ஒரு வெப்சைட் செய்யத் தீர்மானித்து, வேலையை வினோஜிடம் கொடுத்தது. செய்தது முஸ்பிறா. பார்க்க அழகாக இருக்கிறது. "வராமைக்கு வருந்துகிறேன்" என்று பச்சை நிறத்தில் ஒரு பட்டன். எந்தப் போனில் பார்த்தாலும் சரியாக நடுவில் நிற்கிறது. என் மகன் றமீஸுக்காக நானே அதை அமத்தினேன். "இனியும் வரமாட்டேன் என உறுதியளிக்கிறேன்" என்று ஒரு வரியும் சேர்த்துவிட்டேன்.

போன வாரம் வினோஜ், சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு, வடிகான் தண்ணீரைக் கடந்து எங்கள் வீட்டுக்கு வந்தான். றமீஸும் முஸ்பிறாவோடு ஒன்றாகப் படித்தவன்.

"வேலை கூடிட்டு அங்கிள். றமீஸ் கெட்டிக்காரன் எண்டு முஸ்பிறா தங்கச்சி சொன்னா. நாளைக்கே வரச் சொல்லுங்க."

றமீஸின் முகம் மலர்ந்தது. நான் தகப்பன், நாலையும் யோசிக்க வேண்டியவன்.

"கொற நினைக்காதீங்க தம்பி," என்றேன். "இப்ப உங்களுக்கிட்ட வேலைக்கு வந்தா, இத்தன நாளும் சேத்துவெச்ச, வேலைக்கு வராத அனுபவம் எல்லாம் இவனுக்கு வீணாப் போயிரும்."

வினோஜ் சப்பாத்தைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போனான். றமீஸ் போனை எடுத்து, நடுவில் நின்ற அந்தப் பட்டனை இன்னொருமுறை அமத்தினான்.