மூலக்குளத்தில் நான் எழுப்பிய மதில்

தன்னைப் புத்திசாலி என்று நினைத்துக்கொள்கிறவன் வீடு கட்டக் கூடாது. நான் கட்டினேன்.

சுனாமிக்குப் பிறகு புதுச்சேரியே கடலைப் பார்த்துப் பயந்தது. நான் வானத்தைப் பார்த்துப் பயந்தேன். பருவநிலை மாறுகிறது, இனி மழை வந்தால் கொட்டித் தீர்க்கும் என்று எங்கோ படித்துவிட்டு, மூலக்குளத்தில் வாங்கிய மனையில் லாரி லாரியாகச் செம்மண் அடித்து மேடாக்கினேன். பக்கத்து வீட்டுக்கும் எனக்கும் நடுவே ஓடிய வாய்க்காலையும் மூடி, அதன்மேல் மதில் எழுப்பினேன். (பொது வாய்க்கால்தான். தெரிந்தேதான் மூடினேன்.)

“தண்ணி போற வழி சார் அது” என்றார் பக்கத்து வீட்டு மணி அண்ணன். வேலை பார்த்த மில் மூடியபின் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தார். பருவநிலை மாற்றம் பற்றி அவருக்கு அரை மணி நேரம் வகுப்பெடுத்தேன். பாவம், சவாரியை விட்டுவிட்டுக் கேட்டார்.

அந்தக் கார்த்திகையில் இரண்டு நாள் விடாமல் அடித்தது மழை. மூன்றாம் நாள் காலையில் டீத் தம்ளரோடு வாசலில் நின்றேன். என் மனையில் ஒரு சொட்டு நிற்கவில்லை.

“பாத்தியா மல்லிகா, எப்படி என் ஏற்பாடு?”

“வந்த தண்ணி எங்க போச்சுன்னு பாத்தீங்களா?” என்றாள் மனைவி.

மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். மணி அண்ணன் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த அவர் மகள் செல்வி, மேசைமேல் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“சார், வலி எடுத்துடுச்சு! சந்துல ஆள் முழுவுற தண்ணி, உங்க பக்கமாத்தான் கொண்டாரணும்!” என்று கத்தினார் மணி அண்ணன்.

நடுவில் என் மதில். கடப்பாரையை எடுத்தேன். அய்யோ, அந்தக் கொத்தனார் வாழ்க்கையில் முதல்முறையாக நேர்மையாக வேலை செய்திருந்தார்! நான் குத்தக் குத்தச் சுண்ணாம்புப் பொடிதான் உதிர்ந்தது. அந்தப் பக்கம் செல்வி அலறினாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. “தள்ளு சார்” என்று மணி அண்ணன் மதிலேறிக் குதித்து, கடப்பாரையைப் பிடுங்கிக்கொண்டார். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

பிளாஸ்டிக் நாற்காலியோடு செல்வியைத் தூக்கி, மதிலில் விழுந்த ஓட்டைக்குள் நுழைந்து, என் செம்மண் மேட்டு வழியாகத் தெருவுக்குக் கொண்டுபோனோம். ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். இல்லையென்றால் இதைச் சொல்ல எனக்கு வாயேது?

மறுவாரமே வாய்க்காலைத் தோண்டினேன். மதிலின் ஓட்டையை மட்டும் அடைக்க மணி அண்ணன் விடவில்லை. இப்போது கல்லூரிக்குப் போகும் அந்தப் பெண், தாத்தா வீட்டுக்கு வந்தால் கேட்டை விட்டுவிட்டு அந்த ஓட்டை வழியாகத்தான் எங்கள் வீட்டுக்குள் நுழைகிறாள். “மழைக்காக எங்க வீட்டுக்காரர் செஞ்ச ஒரே உருப்படியான வேலை” என்று விருந்தாளிகளுக்கெல்லாம் மல்லிகா அந்த ஓட்டையைக் காட்டுகிறாள். அதைக்கூட உடைத்தது நானில்லை.