பில் இல்லாத நெய்

கடை ரசீதைப் பாசுரம்போல் பாராயணம் செய்த மனிதர் இப்பூவுலகில் ஒருவரே; அவர் எங்கள் முடிச்சூர் பில் சார். பற்பசை வாங்கினாலும் கடைவாசலிலேயே நின்று, வரி வரும் பகுதியைக் கணீரென்று ஓதி முடித்த பிறகே படியிறங்குவார்.

"இன்னா சார், தினிக்கும் பேஜாரு! வரி போட்டது நானா?" என்பார் கடைக்காரர் பாபு.

"நீ போடலப்பா. நெய்க்கு ஒரு வரி, டப்பாவுக்கு ஒரு வரி, லாரி டீசலுக்கு ஒரு வரி. எல்லாம் ஒண்ணுமேல ஒண்ணு ஏறி, கடைசியில என் பொங்கல்ல வந்து உக்காருது!"

புதிய வரி வந்த ஆண்டு நெய் விலை ஏறியது. அது இறங்கும்வரை தம் வீட்டில் நெய்யே கிடையாது என்று சபதம் செய்தார். பருப்புக்கும் இல்லை, தோசைக்கும் இல்லை. சில மாதங்களில் சட்டை தொளதொளத்தது; சபதம் மட்டும் இறுகியது.

எனக்கோ மார்கழி நெருங்க நெருங்கக் கவலை. எங்கள் பஜனை கோஷ்டியின் கூடாரவல்லி அக்காரவடிசிலுக்கு நெய், ஆண்டுதோறும் அவருடைய உபயம். முழங்கைவரை நெய் வழியாத அக்காரவடிசிலை எப்படிப் பெருமாள்முன் வைப்பது? நானே வாங்கிவிடுகிறேன் என்றேன்.

"என் உபயத்துல கைவைக்காதீங்க சார்! இன்னும் பத்து நாள் இருக்கு. விலை இறங்கும்."

இறங்கவில்லை, இன்னும் ஏறியது. கூடாரவல்லி விடியலில் பால் சுண்டி, அரிசி குழைந்து, வெல்லமும் கரைந்துவிட்டது. நெய்யைக் காணோம். கோஷ்டியார் என்னைப் பார்க்க, நான் வாசலைப் பார்த்தேன். பெரிய தூக்குவாளியோடு பில் சார் வந்தார்.

"விலை இறங்கிடுச்சா சார்?" என்றேன்.

"முதல்ல ஊத்துங்க சார், அடிபிடிக்குது!"

அன்று எல்லார் முழங்கையிலும் நெய் வழிந்தது. அவர் மூன்று தொன்னை உண்டார். சபதம் என்னாயிற்று என்றதற்கு, "பிரசாதத்துக்கு வரி கிடையாது சார்" என்றார்.

மறுநாள் பாபு சொன்னார்: "ஏறின வெலைக்கே வாங்கினாரு சார். பில்லு குடுத்தேன், வாணாம்னுட்டாரு. பெருமாளுக்கு வாங்கறதுல வரி பாக்கக் கூடாதாம்."

பில் சார் இப்போது இல்லை. அண்மையில் நெய்யின் வரியைக் குறைத்தார்கள். இந்தக் கூடாரவல்லிக்கு நெய் வாங்கினேன். பாபு பில்லை நீட்டினார். படியிறங்க மனம் வரவில்லை. கடைவாசலிலேயே நின்று, வரி வரும் பகுதியைக் கணீரென்று படித்தேன்.